பிறர்க்காகப் பேசும் நா

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒருநாள் மாலை, நம் பங்கு மனைக்கு ஒரு தாயும் மகளும் வந்தனர். மகள் வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்பவள். மாணவர் பேரவைத் தேர்தலில் ஆய்வு மாணவர்களின் பிரதிநிதியாக நிற்குமாறு தோழர்கள் அவளை வேண்டியிருந்தனர்.

"சுவாமி, நீங்கள்தாம் இவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். படிக்கப் போன இடத்தில் இதெல்லாம் எதற்கு?" என்றார் தாய். நாமும் சற்றும் ஆராயாமல் தாயின் பக்கமே பேசிவிட்டோம்.

மகள் வாதாடவில்லை. "ஐந்து மாதமாக எங்களுக்கு உதவித்தொகை வரவில்லை, சுவாமி. அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டியைப் பார்க்கச் சொல்கிறார்கள். வழிகாட்டியோ அலுவலகத்தைக் காட்டுகிறார். எனக்கு வயது இருபத்தெட்டு. அடுத்த ஆண்டு நிற்க விதி இடங்கொடாது" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவு அவ்விதிகளைத் தேடிப் படித்தோம். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பணித்தது. அவற்றின்படி, போட்டியிடும் ஆய்வு மாணவரின் வயது 28-ஐத் தாண்டலாகாது. வருகைப் பதிவு குறைந்தது 75 விழுக்காடு வேண்டும். செலவு 5,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. நாம் அஞ்சிய ஆரவாரத்திற்கு அங்கே கடிவாளம் இடப்பட்டிருந்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிகள் மாணவர் குறைதீர்க்கும் குழுவை அமைக்கச் சொல்கின்றன. ஆயினும் அதில் அமரும் மாணவர் நியமிக்கப்படுபவரே; மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர்.

இவ்வேறுபாடு நம் நெஞ்சைத் தைத்தது. குருமடத்தில் பயின்ற நாளில் நாம் ஓராண்டு 'பீடில்' பொறுப்பு வகித்தோம். மேலோர் நம்மை நியமித்தனர்; அவர்தம் ஆணைகளை மாணவர்க்கு அறிவித்தோம். காய்ச்சலுற்ற தோழர் ஒருவர், தமக்கு ஓய்வு வேண்டுமெனத் தலைவரிடம் சொல்லுமாறு கேட்டபோது, இரண்டு நாள் வாய் திறவாதிருந்தோம். மூன்றாம் நாள் அவர் கோயிலிலேயே மயங்கி விழுந்தார். கீழிறங்கும் சொல்லைச் சுமந்த நாம், மேலேற வேண்டிய சொல்லைச் சுமக்கவில்லை.

இலத்தீன் மொழியில் 'உனிவேர்சித்தாஸ்' என்பதன் பொருள் கட்டடமன்று. ஒன்றுகூடிய முழுக் குழு. இத்தாலியின் பொலோஞ்ஞாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாணவர்களே சங்கமாகக் கூடித் தம் தலைவரைத் தேர்ந்தனர். விதி மீறிய ஆசிரியர்களுக்கு அபராதமும் விதித்தனர். இன்றைய ஆய்வு மாணவனோ தனியன். ஒரே வழிகாட்டியின் கையொப்பத்தில் அவன் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. தனியே முறையிட அவன் அஞ்சுவதில் வியப்பென்ன? அவனுக்காகப் பேச ஒருவர் வேண்டும். அப்படிப் பேசுபவருக்குப் பலருடைய வாக்கு அரணாக வேண்டும்.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப்பின் இருவரையும் அழைத்து, முந்தின நாள் நாம் சொன்னது தவறு என்றோம். தாய் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "இவளுக்கு ஏதும் வந்தால் யார் பொறுப்பு, சுவாமி?" என்று கேட்டார். அதற்கு உறுதிமொழி தர நம்மால் இயலவில்லை. மகளே தாயின் கையைப் பற்றிக்கொண்டாள்.

அவள் நின்றாள், வென்றாள். மூன்று மாத உதவித்தொகை வந்துவிட்டது. எஞ்சிய இரண்டு மாதத்திற்காக இன்னும் மனுக்கள் எழுதிக்கொண்டிருக்கிறாள். அன்புள்ள பெற்றோரே, உம் பிள்ளை பிறர்க்காகப் பேச எழும்போது, நம்மைப் போல் அவசரப்பட்டு அமரச் சொல்லாதீர்கள். அவர்கள் யாருக்காகப் பேச எழுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.