திருத்தமும் திசை தவறலாம்

தொலைவிலிருந்து இயக்கும் மாதிரி ஹெலிகாப்டரை வெறும் விளையாட்டுப் பொருளாகக் கருதும் பெற்றோர் பலர். எங்கள் மகன் இரண்டாண்டுப் பெருநாள் பணத்தைச் சேர்த்து வாங்கியது 450 வகையைச் சேர்ந்தது. அதன் பெரிய விசிறியின் ஒவ்வோர் இறக்கையும் ஏறத்தாழ 325 மில்லிமீட்டர் நீளம். நிமிடத்திற்கு 2,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். விரலையோ கண்ணையோ பறிக்க அது போதும். எனவே, அதன் கைரோவை முறையாகப் பொருத்திச் சோதித்த பின்பே பறக்கவிடுவது என்று வீட்டில் முடிவு செய்தோம்.

பெரிய விசிறி ஒரு பக்கம் சுழலும்போது உடல் மறுபக்கம் திரும்ப முயலும். அதைத் தடுப்பது வாலிலுள்ள சிறிய விசிறி. காற்று வீசினாலும், விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தச் சமநிலை குலைந்துவிடும். அப்போது மூக்கு திரும்பும் வேகத்தை உணர்ந்து, வால் இறக்கையின் கோணத்தை மாற்றும் சர்வோவுக்குக் கட்டளையிடுவதே கைரோவின் பணி.

முதற்காரியமாக மோட்டாரின் கம்பிகளைக் கழற்றி வைத்தோம். விசிறி சுழல வழியே இல்லாத நிலையில்தான் மேசைமீது சோதனை செய்ய வேண்டும். கைரோவை அதிர்வு குறைந்த உறுதியான இடத்தில், மெத்தென்ற இருபக்க ஒட்டு நாடாவால் நேராக ஒட்டினோம். சர்வோவின் கை நடுநிலையில் இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக நிற்குமாறும், அது இருபுற எல்லையிலும் முட்டாதவாறும் அமைத்தோம். மின்சாரம் கொடுத்தவுடன் சில நொடிகள் ஹெலிகாப்டரை அசைக்கலாகாது. அசைவற்ற நிலை எது என்பதைக் கைரோ அப்போதுதான் அறிந்துகொள்கிறது.

இனி வருவதே மிக முக்கியமான சோதனை. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வால் இறக்கை எப்பக்கம் சாய்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு குச்சியைத் தொடாமல், மூக்கைக் கையால் இடப்பக்கம் வெடுக்கெனத் திருப்ப வேண்டும். வலப்பக்கக் கட்டளைக்குச் சாய்ந்த அதே பக்கம் இறக்கை சாய்ந்தால் கைரோ சரியாக இருக்கிறது.

“வாப்பா, நான் மூக்கைத் திருப்புறேன், நீங்க வாலைப் பாருங்க” என்றான் மகன். பார்த்தோம். குச்சிக்கு இறக்கை சரியாகவே சாய்ந்தது. கைரோவுக்கோ எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அவன் முகம் மாறிவிட்டது. அந்நிலையில் பறக்கவிட்டிருந்தால், சிறு திருப்பத்தைத் தடுப்பதற்குப் பதிலாகக் கைரோவே அதைப் பெருக்கி, தரையை விட்டு எழும்பிய கணமே பம்பரமாய்ச் சுழற்றியிருக்கும். கைரோவிலிருந்த சிறு சுவிட்சை மாற்றியதும் திசை சரியானது. சர்வோவின் திசையும் கைரோவின் திசையும் வெவ்வேறு அமைப்புகள். ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று கொள்ளலாகாது.

அடுத்தது கெயின், அதாவது திருத்தத்தின் வலிமை. அதைக் குறைவாக வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் சிறிதளவே கூட்டினோம். குறைந்தால் வால் நழுவிப் போகும். மிகுந்தால் நாய் வாலைப் போல் படபடவென ஆடும். ஆட்டம் தொடங்கிய அளவிலிருந்து சற்றே இறக்கியதும் வால் அமைதியாக நின்றது. ‘ஹெட்டிங் ஹோல்ட்’ முறையில் கைரோ தான் இருந்த திசையையே நினைவில் கொண்டு அதற்குத் திரும்ப முயலும். ஆகவே தரையில் சர்வோ ஒருபக்கம் ஒதுங்கி நின்றால் பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை.

முதல் பறத்தலின்போது தங்கையை வெகுதூரம் தள்ளி நிற்கவைத்தவன் அவனேதான்; நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கருவி இடுப்புயரத்தில் அசையாமல் நின்றது.

பிள்ளைகளைத் திருத்தும்போது எவ்வளவு கடுமை வேண்டும் என்றே நாம் பெரிதும் யோசிக்கிறோம். நம் திருத்தம் எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதை அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.