தண்ணீர் பழகட்டும்

வீட்டில் இடம் குறைவு, சின்னதாக ஒரு தொட்டி வைத்துச் செடியும் இறாலும் வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டி சிறுத்தால் செலவு குறையும்; கவனம் குறையாது. 100 லிட்டர் தண்ணீரில் ஒரு துண்டுக் கீரை அழுகினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 12 லிட்டரில் அதே துண்டு ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்துவிடும். வெயில், தூசி, கூடுதலாகப் போட்ட தீனி, எல்லாம் சின்னத் தொட்டியில் உடனே தெரிந்துவிடும். என் மேசையோரம் இருக்கும் 12 லிட்டர் தொட்டி எனக்குப் புரியவைத்தது இதைத்தான்: அங்கே நான் வளர்ப்பது தண்ணீரை. தண்ணீர் நன்றாக இருந்தால் இறால் தானாக வளரும்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850-ல் எழுதியதும் ஏறக்குறைய இதே விஷயம்தான். ஒரு தொட்டியில் இரண்டு தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டார். செடி ஆக்சிஜன் கொடுத்தது. மீனின் கழிவு செடிக்கு உரமானது. ஆனால் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்க்க, தண்ணீர் தெளிந்தது. உயிர், செடி, இவை இரண்டும் விட்ட மிச்சத்தைத் தின்ன ஓர் ஆள். மூன்றும் இருந்தால்தான் கணக்கு நேராகும். நத்தை செய்த அந்த வேலையை என் தொட்டியில் இறால் செய்கிறது. பாசியைத் தின்பதற்காகவே இறாலைச் செடித் தொட்டிக்குள் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பழக்கிவிட்டவர் ஜப்பானின் தகாஷி அமானோ. அவர் பயன்படுத்திய இறாலை இன்று கடைகளில் அமானோ இறால் என்றே விற்கிறார்கள்.

வண்ணமீனுக்குப் பேர்போன சென்னை கொளத்தூரில் தேவையான எல்லாமே கிடைக்கும். பொடிக் கருங்கல்லைத் தண்ணீர் தெளியும்வரை அலசி இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினேன். ஒரு மரத்துண்டில் அனுபியாஸை நூலால் கட்டினேன். அதன் கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். இன்னொரு பக்கம் ஜாவா பாசி. முன்னால் கிரிப்டோகோரைன் வெண்டியை நட்டேன். இலங்கை ஓடைகளில் பிறந்த செடி. இடம் மாற்றி நட்டால் இதன் இலைகள் கூழாகக் கரைந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடக் கூடாது. வேர் பிடித்ததும் புது இலை விடும். தினமும் ஆறேழு மணி நேரம் எல்இடி விளக்கு. சின்ன ஏர் பம்ப், அதில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். மோட்டார் ஃபில்டர் குட்டி இறால்களை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்சில் அந்த ஆபத்து இல்லை.

அன்றே இறாலையும் கேட்டேன். கடைக்காரர் தரவில்லை. “தண்ணி பழகட்டும் சார். ஒரு மாசம் கழிச்சு வாங்க, நல்ல எறாவா எடுத்துத் தர்றேன்” என்றார். கையில் வந்த வியாபாரத்தைத் தள்ளிவைத்த அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. கழிவிலிருந்து வரும் அம்மோனியா இறாலுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். இலைமேல் லேசாக ஒரு பூச்சு படரும். அதுதான் இறாலின் முதல் சாப்பாடு.

சென்னைத் தண்ணீரோடு ஒத்துப்போவது தனிப் பாடம். போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு அதிகம். மெட்ரோ தண்ணீரில் குளோரின். ஆர்ஓ தண்ணீரில் தாது இல்லை. சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் இறாலால் சரியாக ஓடு மாற்ற முடியாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் சுமார் 200 வரும்படி போர் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் கலந்துகொள்கிறேன். ஆவியாகிக் குறையும் அளவுக்கு மட்டும் வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவேன். ஏனென்றால் தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே நிற்கிறது. சித்திரை, வைகாசியில் ஒரு குட்டி மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்புக்குத் திருப்பிவைத்தால் இரண்டு மூன்று டிகிரி சூடு தணியும்.

நம் வீடுகளில் இறாலுக்குப் பெரிய எமன் கொசு மருந்து. பூச்சியைக் கொல்லும் மருந்து, பூச்சிக்கு உறவான இறாலையும் கொல்லும். தொட்டி இருக்கும் அறையில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. அடுத்தது செம்பு. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். ஆனாலும் தண்ணீரில் செம்பு கொஞ்சம் கூடினாலும் இறால் தாங்காது. செப்புக் குடத்துத் தண்ணீரும், செம்பு கலந்த மீன் மருந்தும் கிட்டே வரக் கூடாது.

நான் வளர்ப்பது செர்ரி இறால். தைவான், சீன ஓடைகளில் மங்கிய பழுப்பு நிறத்தில் திரிந்த இனம். சிவப்பானவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து இந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். முழுதாக வளர்ந்தாலும் ஓர் அங்குலம்தான். பாசியில் உட்கார்ந்து, முன்னங்கைகளால் மாற்றி மாற்றிக் கிள்ளி வாயில் போட்டபடியே இருக்கும். அந்தக் கைகள் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. ஓடு மாற்றும்போது முதுகுப்புறம் பிளந்து, ஒரே உதறலில் வெளியே வந்துவிடும். மீசை முதல் வால்வரை முழு உருவமாக வெற்று ஓடு கிடக்கும். அதை எடுத்துப் போட வேண்டாம். சுண்ணாம்புக்காக அவையே தின்றுவிடும்.

சினையான பெண் இறால் இருபது முப்பது முட்டைகளை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டு, நீந்தும் கால்களால் இடைவிடாமல் விசிறிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர் படாவிட்டால் முட்டையில் பூஞ்சை பிடித்துவிடும். மூன்று நான்கு வாரத்தில் பொரியும். அமானோ இறாலின் குஞ்சுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். செர்ரி இறாலின் குஞ்சுக்கு வேண்டாம். எள்ளைவிடச் சின்னதாக, ஆனால் கை, கால், மீசை எல்லாம் கொண்ட முழு இறாலாகவே பிறக்கும். முதல் குட்டியைப் பாசிக்குள் பார்த்த அன்று, தண்ணீர் பழகிவிட்டது என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை என்று தோன்றியது. மீட்டர் காட்டும் எண்ணைவிட நம்பகமான சாட்சி அது.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் முதல்முறை கடைக்குப் போகும்போது தொட்டியும் செடியும் மட்டும் வாங்கி வாருங்கள். இறால் வாங்க அடுத்த மாதம் போங்கள்.