லயத்துக்கு எந்த ஸ்பீக்கர்?

அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கலாம்னு நாங்க பிள்ளைங்க யோசிச்சோம்.

முதல்ல சத்தம். ரிவியூக்கள் எல்லாம் பேஸ் பற்றியே பேசுகின்றன. நல்லதண்ணி லயத்தில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். பேஸ் அங்கேதான் போய் இடிக்கும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பேச்சுக்குரல் தெளிவாகக் கேட்பதே எங்களுக்கு முக்கியம்.

அடுத்தது, எதோடு ஒத்துப்போகும் என்பது. 2014இல் வந்த அலெக்சா 2019இல் ஹிந்தி படித்தது. அம்மாவின் தமிழ் அதுக்கு விளங்காது. எந்நேரமும் வைஃபையும் வேணும். எங்க வீட்டு இன்டர்நெட் எங்க போன்தான். நாங்கள் கெம்பஸ் கிளம்பினால் அதுவும் கூடவே பஸ் ஏறிவிடும். அம்மாவிடம் மிஞ்சுவது ஊமைப் பெட்டி.

கடைசியில் ரேடியோவும் பேட்டரியும் உள்ள புளூடூத் ஸ்பீக்கர் எடுத்தோம். கரண்ட் போனாலும் பாடும்.

நீங்களும் வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: நாம வீட்டில் இல்லாதபோது அது வேலை செய்யுமா?