முதலில் பிரதி, பிறகுதான் மற்றது

ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்தில் இறங்கி டிஸ்ட்ரிக்ட் சென்டர் பக்கம் நடந்தால், கோச்சிங் வகுப்புப் பலகைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சிறு கடைகள் தென்படும். பழைய வொர்க்ஸ்டேஷனுக்குப் புது ஹார்ட் டிஸ்க் பொருத்தும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க விரும்பி, அப்படியொரு கடையில் போய் உட்கார்ந்தேன். கடையில் இரண்டே பேர்: தொழில் தெரிந்த உஸ்தாத், அவரிடம் பழகும் பீகார் இளைஞர்.

இயந்திரத்தின் சொந்தக்காரர் வயதான தமிழர். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய வட்டாரம் இது. கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் என்று தமிழ் அச்சுக்கோப்பு செய்துகொடுத்தே வாழ்ந்தவர் அவர். "புது மெஷின் வாங்கலாம் தம்பி, ஆனா என் ஃபைல் ஒண்ணுகூட அதுல திறக்காதே" என்றார்.

அவர் சொல்வது உண்மை. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. இதை ஒழுங்குபடுத்தவே 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் டாம், டாப் குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய கோப்புகளோ இன்றும் அந்தந்த எழுத்துருவையும் பழைய பேஜ்மேக்கரையும் விண்டோஸ் எக்ஸ்பியையும் நம்பியே இருக்கின்றன. பெட்டி சாகாமல் இருந்தால்தான் அவர் செய்த வேலைக்கும் உயிர்.

உஸ்தாத் முதலில் எடுத்தது ஸ்க்ரூடிரைவர் அல்ல. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திரையில் வரவழைத்தார். எண் 5, மாற்றி ஒதுக்கிய செக்டர்கள். எண் 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இரண்டும் ஏறியிருந்தன. இளைஞர் எண் 199ஐச் சுட்டிக்காட்டி என்னிடம் விளக்கினார்: "இது மட்டும் ஏறினால் டிஸ்க் மேல் பழி போடக் கூடாது ஸார், கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்."

அடுத்து பிரதி. டிஸ்கைக் கழற்றிக் கடையின் லினக்ஸ் இயந்திரத்தில் மாட்டி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவை ஓடவிட்டார்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் திரும்பத் தொடும் நிரல் அது. எதுவரை படித்தோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாகக் கிடக்கும் டிஸ்கை நேரடியாகத் திறந்து கோப்பு கோப்பாக இழுத்தால், கெட்ட செக்டரிலேயே முட்டிமுட்டி மிச்சமும் போய்விடும். "பிரதி கையில் வந்த பிறகு தப்பு செய்யலாம். அதுவரை கூடாது" என்றார் உஸ்தாத். இந்தத் தொழிலின் அறம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

பெரியவர் நாலு டிபி டிஸ்க் கேட்டிருந்தார். உஸ்தாத் மறுத்து, ஒரு டிபி போதும் என்றார். டிஸ்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறை செக்டர்களை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. அதாவது சுமார் 429 கோடி செக்டர்கள், ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கினால் 2.2 டிபி, அதற்கு மேலிருப்பது வீண். அதைத் தாண்டும் ஜிபிடி முறையை 32 பிட் எக்ஸ்பி படிக்காது. பெரிய டிஸ்க் விற்றால் உஸ்தாதுக்கு லாபம். இருந்தும் நேரு பிளேஸிலிருந்து சின்னதைத்தான் தருவித்தார். 2018இல் மெஜந்தா லைன் ஜனக்புரி மேற்கு வரை வந்தபின் கால்காஜி மந்திரில் மாறி அங்கே போய்வருவது எளிதாகிவிட்டது.

புது டிஸ்கிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய டிஸ்குகள் உள்ளுக்குள் 4096 பைட் கொண்ட செக்டர்களாக எழுதுகின்றன. எக்ஸ்பியோ முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில் தொடங்கும். 512 பைட் செக்டர்கள் எட்டு சேர்ந்தது ஒரு 4096. 63 எட்டால் வகுபடாத எண். ரூல் போட்ட நோட்டில் கோட்டின் மேலேயே எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு வரியில் விழுவதுபோல, டிஸ்கில் எழுதும்போது பல பதிவுகள் இரண்டு செக்டர்களைத் தொட்டு வேகம் குறையும். இளைஞர் ஜிபார்ட்டட்டில் பார்ட்டிஷனை 2048ஆம் செக்டரில் தொடங்கவைத்து, பிரதியை அங்கே இறக்கினார்.

வொர்க்ஸ்டேஷனில் டிஸ்கைப் பூட்டுமுன் ப்ளோயரால் தூசியை ஊதினார்கள். டெல்லியின் வறண்ட குளிரில் நிலைமின்சாரம் அதிகம் என்பதால், கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்ட பிறகே கை உள்ளே போனது. சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினார்கள். அது செத்தால் பயாஸ் அமைப்புகள் பழையபடிக்குத் திரும்பும். சாட்டா முறை ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாறிவிட்டால், அதற்குரிய டிரைவர் இல்லாத எக்ஸ்பி நீலத்திரையோடு நின்றுவிடும். பேட்டரியின் விலை அற்பம். அதை நினைவில் வைப்பதுதான் அனுபவம்.

எக்ஸ்பி எழுந்தது. பெரியவர் பழைய மலர் ஒன்றைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவர் திருப்தியான பிறகு கடையிலிருந்த பிரதியை அவர் கண்ணெதிரே அழித்தார்கள். பழைய டிஸ்கையும் அவரிடமே கொடுத்தார்கள். "இன்டர்நெட் கேபிள் மட்டும் மாட்டாதீர்கள்" என்பது கடைசி அறிவுரை. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2014 ஏப்ரலில் நின்றுவிட்டது.

இத்தனைக்கும் வாங்கும் கூலியில்தான் வாடிக்கையாளர்கள் வழக்கமாகப் பேரம் பேசுகிறார்கள் என்றார் உஸ்தாத். டிஸ்கின் விலைக்கு பில் இருக்கிறது, அதைக் கேள்வி கேட்பவர் இல்லை. எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதற்கு பில் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைவாசலைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த உரிமையை நமக்கு நடத்திக்காட்டுபவர்கள் இந்தக் கடைகளில் இருப்பவர்கள். அவர்களுடைய அறிவுக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுத்தால்தான், அடுத்த தலைமுறையில் ஓர் இளைஞர் இந்த மேஜை முன் உட்காருவார்.