உப்பும் உயிரும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. பண்டத்திற்கு மட்டுமன்று; உயிருக்கும் உப்பு இன்றியமையாதது. உப்பு நீரிற் கரையும்போது, நேர்மின்னேற்றமுடைய சோடியமாகவும் எதிர்மின்னேற்றமுடைய குளோரைடாகவும் பிரிகிறது. இத்தகைய மின்னேற்றம் பெற்ற துகள்களை அயனிகள் என்பர்.

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பிச்சாவரத்து அலையாத்திக் காடு பரந்துள்ளது. சிதம்பரத்திற்குத் தன் பெயரை அளித்த தில்லை மரமும் இத்தகைய உவர்நிலக் காட்டிற்குரியதே. ஒருமுறை அங்கு ஓடத்திற் சென்றபோது வெண்கண்டலின் இலையொன்றை நாவில் வைத்தேன், உப்புக் கரித்தது. “இந்த மரத்துக்கும் வியர்க்கும், ஐயா” என்றார் ஓடக்காரர். அவர் கூற்று பொருத்தமானதே. அம்மரம் உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுக்கிறது. மீறி நுழைந்ததை இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. நெல்லுக்கு இவ்வாற்றல் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, கடல்நீர் புகுந்த வயல்களிற் பயிர் கருகியதைக் கண்டோம்.

நம் உடலிலும் இத்தகைய காவல் உண்டு. உயிரணுவின் உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்கும். அணுச்சவ்வில் உள்ள நுண்ணிய எக்கி, 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டே நரம்புகள் செய்தி செலுத்துகின்றன. இதயத் துடிப்பிற்கோ கால்சியமும் வேண்டும். வடித்தெடுத்த தூயநீரில் ஆக்கிய உப்புக் கரைசலில் தவளையின் இதயம் விரைவில் ஓய்வதையும், குழாய்நீரில் ஆக்கியதில் நெடுநேரம் துடிப்பதையும் இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் கண்டார். குழாய்நீரில் இருந்த கால்சியமே காரணம் என 1883 இல் அவர் விளக்கினார்.

நான் சிறுவனாயிருந்தபோது, கடலூரில் எங்கள் தெருக் குழந்தையொன்று வயிற்றுப்போக்கால் துவண்டு கிடந்தது. என் பாட்டியார் உப்பிட்ட கஞ்சியை இரவு முழுதும் சிறிது சிறிதாகப் புகட்டினார். விடியற்காலையில் குழந்தை கண் திறந்து அழுதது. அவ்வழுகையைக் கேட்டு அதன் தாய் மகிழ்ந்ததை நான் மறக்கவில்லை.

கஞ்சியின் மாச்சத்து குடலில் குளுக்கோசாகிறது. குளுக்கோசும் சோடியமும் இணைந்தே குடற்சுவரைக் கடக்கின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. 1971 இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. குருதிநாளத்திற் செலுத்தும் உப்புநீர் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு 4க்கும் கீழாகக் குறைந்தது.

எனினும், அளவு மீறிய உப்பு குருதி அழுத்தத்தை உயர்த்தும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உண்க என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

மாணவர்களே! வயிற்றுப்போக்குக் கண்டோர்க்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிடின், 1 லிட்டர் தூய குடிநீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கலந்து கொடுங்கள்; மருத்துவரையும் நாடுங்கள். இதனை இல்லத்தார்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பியுங்கள்.