வரி நுணலும் தேரையும்

ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் 'தோழி வற்புறுத்த பத்து' என்றொரு பிரிவு உண்டு. அதில் வரும் 468ஆம் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் முதலடியிலேயே சற்று நின்றாக வேண்டும். கார்காலம் தொடங்கிவிட்டது, தலைவன் இன்றே வந்துவிடுவான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அதற்குச் சான்றாக அவள் வானத்தைக் காட்டவில்லை; இரண்டு குரல்களைக் காட்டுகிறாள். ஒன்று நுணலின் குரல், மற்றது தேரையின் குரல். நுணலுக்கு 'வரி' என்று ஓர் அடை. இரண்டின் ஒலிக்கும் இரண்டு வேறு வினைச்சொற்கள். உருவத்தாலும் குரலாலும் இரண்டு உயிர்களைப் பிரித்தறிந்த ஒருவர், கேட்பவர்களும் அவ்வாறே பிரித்தறிவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய அடி அது.

அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியானவர்களா என்ற ஐயம் எங்களுக்கு வகுப்பறையில்தான் எழுந்தது. "நுணல் எது, தேரை எது, இரண்டும் தவளைதானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானது. நுணல் என்றால் தவளைவகை, தேரை என்றால் தவளைவகை என்று சொல்லிக் கடந்துவிடுவதே உரைகளின் வழக்கம். தமிழ்த்துறையில் இருவர், விலங்கியல் துறையில் ஒருவர், வங்கியில் பணியாற்றும் இலக்கிய அன்பர் ஒருவர் என நாங்கள் நால்வர் கைவிளக்கும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு ஈர இரவுகளில் வெளியே கிளம்பியது அதற்குப் பிறகுதான். ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

திருவண்ணாமலையில் தவளைக் குரல் கேட்க நாள் பார்க்க வேண்டும். 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கானோர் நடக்கும்போது, தவளை என்ன, பக்கத்தில் வருபவர் பேசுவதே காதில் விழாது. அமாவாசையை ஒட்டிய இரவுகள்தாம் எங்களுக்கு உகந்தவை. மாதம் ஆவணி, புரட்டாசி. பகலெல்லாம் புழுங்கி, மாலையில் மேற்கே செங்கம் பக்கம் இடி உருண்டு, எட்டு மணிக்கு மழை அடித்து ஓயும் மாதங்கள் அவை. முல்லைக்குரிய கார் என்று இலக்கணத்தில் மனப்பாடம் செய்திருந்த பெரும்பொழுது, நாட்காட்டி பிசகாமல் எங்கள் ஊர் வாய்க்கால்களில் நடந்துகொண்டிருக்கிறது. ஐப்பசி வரும் வரை மழையே இல்லை என்பது போல எழுதுகிறவர்கள் வடமாவட்டத்து ஆவணி இரவு ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும்.

தேடாமலே கண்ணில் படுவது தெருவிளக்கின் கீழ் விட்டில் பொறுக்க வந்து உட்கார்ந்திருக்கும் சொறித்தவளை. உடம்பெல்லாம் பருக்கள், ஒவ்வொரு பருவின் நுனியிலும் கறுப்பு. கண்ணுக்கு மேலும் உதட்டோரத்திலும் மை தீட்டியது போன்ற கரிய வரம்புகள். கண்ணுக்குப் பின்னால் இரு புறமும் புடைத்திருக்கும் சுரப்பியில் நஞ்சு உண்டு. நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ள விட்டுவிடும். தோற்றம் இப்படியென்றாலும் குரல் இனிமையானது, மூச்சு விடாமல் நீளும் ஒரு 'கிர்ர்ர்'. இதற்கு 1799இல் அறிவியல் பெயர் இட்டவர் ஷ்னைடர் என்னும் ஜெர்மானியர். அவரும் எங்களைப் போல ஏட்டுக்காரர்தாம். கிரேக்க மூலநூல்களைப் பதிப்பித்தவர், கிரேக்க அகராதி செய்தவர். எங்கள் குறிப்பேட்டிலுள்ள உயிர்களில் நான்கு அவருடைய ஒரே நூலில் பெயர் பெற்றவை. அவர் கண்ட மாதிரிகள் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிப் போனவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சோழமண்டலக் கரையின் தவளைகளை ஒரு மொழியறிஞர் ஜெர்மனியில் உட்கார்ந்து பிரித்தறிந்தார் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அந்த நான்கில் இன்னொன்று, குளத்து நீரில் கண்ணை மட்டும் வெளியே வைத்து மிதக்கும் சிறு தவளை. காலடிச் சத்தம் கேட்டால் முழுகாது. ஓட்டாஞ்சில்லு எறிந்தாற்போல நீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடிவிடும். ஏரியில் இதன் பெரிய உறவினர் ஒருவர் இருக்கிறார், பச்சைத் தவளை. 1834இல் லெஸ்ஸோன் என்னும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரித் தவளையைக் கொண்டு 'ஆறுவிரலி' என்று பொருள்படப் பெயரிட்டார். பழைய விலங்கியல் மாணவர்களிடம் 'ராணா ஹெக்ஸடாக்டைலா' என்று சொல்லிப் பாருங்கள், மெழுகுத் தட்டும் குண்டூசியும் நினைவுக்கு வந்து முகம் சுளிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக ஆய்வகங்களில் கிடத்தி அறுக்கப்பட்டது அதுதான். அறுவைகளைக் குறைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் அந்த மேசையில் அதன் இதயத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதன் குரலைக் கேட்டதில்லை. எங்கள் விலங்கியல் நண்பரே இதைச் சொல்லி வருந்துவார்.

முதல் பெருமழை இரவில் ஊருக்கே கேட்பது பெருந்தவளையின் குரல். மற்ற நாட்களில் பாசி நிறத்தில் கிடக்கும் ஆண், அந்த ஓரிரு இரவுகளுக்கு மட்டும் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்பும். தெருக்கூத்தில் வேடம் கட்டி வந்தவர்கள் போல இருக்கும். தவளைக்கால் ஏற்றுமதிக்காகச் சாக்குச் சாக்காகப் பிடிக்கப்பட்டது பெரும்பாலும் இந்த இனமே. 1987இல் ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது.

இவ்வளவும் கண்ணால் அறியக்கூடியவை. வயல் வரப்புக்கு வந்தால் கண் தோற்றுவிடும். அங்கே கட்டைவிரல் அளவில் பழுப்பு நிறத்தில் எத்தனையோ குதிக்கும். கையிலெடுத்துப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுள் ஒன்றுக்குச் சென்னைப் படைப்பிரிவின் மருத்துவர் ஜெர்டன் 1853இல் 'உழவன்' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். அழகான பெயர். பிற்காலத்து அறிஞர்கள் அதை ஜாவாத் தீவின் தவளையோடு சேர்த்துவிட்டதால் நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்து, அண்மைக் காலத்தில்தான் மீண்டது. இப்படி ஒன்றெனக் கருதப்பட்டவை வேறுவேறென்று தெரியவந்ததில் மரபணுவுக்குப் பங்குண்டு, குரலுக்கும் உண்டு. கத்துவது பெரும்பாலும் ஆண். கேட்டு வருவது பெண். இருட்டில், சேற்றில், ஐந்தாறு இனங்கள் ஒரே குட்டையில் கத்தும்போது பெண் தன் இனத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆகவே தோலின் நிறம் எப்படி மாறினாலும் குரலின் அடையாளம் எளிதில் மாறுவதில்லை. வரப்பில் 'டிக் டிக் டிக்' என்று விட்டு விட்டுத் தட்டுவது உழவன். பக்கத்திலேயே சீப்பின் பற்களை நகத்தால் இழுத்தாற்போலக் 'கர்ரக், கர்ரக்' என்பது வேறொன்று. குரலைக் கேட்டுப் பெரிய உருவத்தைத் தேடுவோம்; விளக்கைத் தாழ்த்தினால் நகமளவுக்குச் சற்றுப் பெரிய, முதுகில் இலை வரைந்தது போன்ற குறுவாய்த் தவளை நிற்கும்.

இனி தேரைக்கு வருவோம். பள்ளி அறிவியல் நூல்கள் சொறித்தவளையைத் தேரை என்று எழுதுகின்றன. எங்கள் கல்லூரித் தோட்டக்காரர் இதை ஒப்பவில்லை. மழைநாளில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, விரல் நுனிகளில் வட்டு வட்டாகப் பசை வைத்தாற்போல இருக்கும் ஒல்லியான மரத்தவளையைக் காட்டி, "இதுதான் சார் தேரை. தரையில கெடக்கறது சொறித்தவளை. ரெண்டும் ஒண்ணாயிடுமா?" என்றார். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டியிருப்பதைக் கண்டு ஆங்கிலேயர்களும் இதைச் சுண்ணத் தவளை என்றே அழைத்தார்கள். நீருக்கு மேலே கிளையிலோ கல்விளிம்பிலோ நுரையைக் கூடுபோல் கட்டி முட்டையிடும். தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நீரில் சொட்டும்.

தோட்டக்காரர் பக்கம் நிற்க எங்களுக்கு ஒரு பழைய சாட்சி கிடைத்தது. குறுந்தொகை 193இல் அரிசில் கிழார், கள் நிறைத்த நீலமணிக் கலம் போலிருக்கும் குறுகிய வாயுடைய சுனையையும் அதிலுள்ள அகன்ற வாய்த் தேரையையும் சொல்லி, அதன் ஒலியைத் தட்டை என்னும் கருவியின் ஒலிக்கு ஒப்பிடுகிறார். தட்டை என்பது தினைப்புனத்தில் கிளி ஓட்டப் பயன்பட்ட, மூங்கிலைப் பிளந்து செய்த கருவி. செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாத்திலும் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளுள் தட்டை இருக்கிறது. அதாவது எங்கள் மாவட்டத்து மலைவழியில் ஒலித்த பொருள் அது. இப்போது இரண்டு குரல்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சொறித்தவளையின் இழைந்து நீளும் 'கிர்ர்ர்', மரத்தவளையின் 'தக்... தக் தக்' என்னும் வறண்ட அடி. பிளந்த மூங்கில் எதைப் போல ஒலிக்கும்? மலையடிவாரத்துச் சுனை ஒன்றின் அருகில் ஒரு ஆவணி இரவில் இருட்டில் நின்று கேட்டபோது எங்களுக்கு ஐயம் மிஞ்சவில்லை. பாடநூலைவிட அரிசில் கிழாருக்கும் தோட்டக்காரருக்கும் காது கூர்மை என்பதே எங்கள் கட்சி.

நுணல் அவ்வளவு எளிதில் பிடிகொடுக்கவில்லை. பழமொழி நானூறு அதை மணலுக்குள் முழுகி மறைந்திருப்பது என்றும், தன் வாயாலேயே கெடுவது என்றும் சொல்கிறது. பின்னது வெறும் நீதிக்காகச் சொன்னதென்று தள்ளிவிட முடியாது. பனாமாக் காடுகளில் ஒருவகை வௌவால் தவளைகளின் குரலைக் கேட்டே அவற்றைப் பிடித்துத் தின்கிறது என்று டட்டில், ரயன் என்னும் இருவர் 1981இல் ஆய்ந்து எழுதினார்கள். நமக்கு வேண்டியது முன்னது. மணலுள் புதைந்து வாழ்வது, மழைக்கு வெளிவந்து கத்துவது, வரியுடையது என்ற மூன்று இலக்கணமும் பொருந்த வேண்டும். எங்கள் பக்கத்தில் மண்ணுள் புதைபவை சில உண்டு: பின்காலால் தோண்டிப் பின்புறமாகவே இறங்கும் வளைத்தவளை, ஊதிய பந்து போன்ற பலூன் தவளை, அதன் உறவான, கரும்பழுப்பு உடலில் செங்கல் நிறத்தில் பட்டையும் திட்டும் ஓடும் வண்ணத்தவளை. வரி என்ற அடைக்காக நாங்கள் மூன்றாவதன் பக்கம் சாய்கிறோம். அதன் குரல் தொலைவில் கன்று கதறுவது போலத் தாழ்ந்து, சீராகத் திரும்பத் திரும்ப வரும். வினைச்சொல்லை மட்டும் வைத்து இதை நிறுவ முடியாது. பேயனார் நுணலுக்குச் சொன்ன கறங்குதலை அரிசில் கிழார் தேரைக்குச் சொல்லியிருக்கிறார்.

மழையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு 2024ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1, இடைவிடாத மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், ஐவர் குழந்தைகள். மழை விட்ட இரவுகளில் ஊரைச் சுற்றித் தவளைகள் கத்தத்தான் செய்தன. நாங்கள் யாரும் குறிப்பேட்டை எடுக்கவில்லை. டிசம்பர்ப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

வண்ணத்தவளையை நாங்கள் ஆண்டுதோறும் கேட்டுவந்த இடம் ஊருக்கு வெளியே இருந்த ஒரு மானாவாரிக் கொல்லை. மணற்பாங்கான நிலம், மழை பெய்தால் நடுவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அதில் வேர்க்கடலை போட்டுவந்தவர் விற்றுவிட்டார். கிராவல் கொட்டிச் சமன்செய்து, எல்லைக்கல் நட்டு, மனைகளாகப் பிரித்துவிட்டார்கள். அடுத்து வந்த ஆவணியில் இரண்டு மழைக்கும் போய் நின்றோம். உழவனும் குறுவாயும் கத்தின. கன்றுக்குரல் வரவில்லை. தொலைந்தது இன்னதென்று பெயர் சொல்லி எழுத முடிந்ததே எங்களுக்குத் துணுக்குறலாக இருந்தது. ஆறு ஆண்டுக்கு முன்பென்றால், அந்த இரவில் தவளை கத்தியது என்றுதான் எழுதியிருப்போம்.

சென்ற ஆவணியில் அதே இடத்தில் முதல் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியிருந்தார்கள். மழை பெய்து குழி நிறைந்துவிட்டது. பக்கத்தில் கட்டுமானத்துக்கு இறக்கிய மணற்குவியல். ஒன்பது மணிக்குக் குழிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. ஒன்றல்ல, மூன்று. விளக்கடித்தபோது உடலை ஊதிப் பந்தாக்கிக்கொண்டு நீரில் மிதந்தன. முதுகோரத்தில் செங்கல் நிறம் தெளிவாகத் தெரிந்தது. விடியலில் மறுபடி போனோம். தண்ணீரின் மேல் முட்டைகள் ஏடுபோல் படர்ந்திருந்தன. தவளைகள் மணலுக்குள் போயிருக்க வேண்டும்.

கொத்தனாரிடம் பேசினோம். முட்டை பொரித்து வால் சுருங்கிக் கரையேற வாரங்கள் ஆகும் என்றார் எங்கள் விலங்கியல் நண்பர். கொத்தனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திங்கக்கிழமை கான்கிரீட்டுங்க சார். தண்ணிய இன்னைக்கே இறைக்கணும். ஓனர் வந்து நிப்பாரு" என்றார். பிறகு அவரே சிமெண்ட் கலக்கும் பாண்டு ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். முட்டை ஏட்டை நீரோடு முகந்து, நான்கு மனை தள்ளி இன்னும் விலைபோகாத மூலைப் பள்ளத்தில் கொண்டுபோய் ஊற்றினோம். மணலை அள்ளும்போது உள்ளே பார்த்து அள்ளச் சொன்னோம். "நொணலுங்களா சார்? பார்த்துக்கறேன்" என்றார். அந்தச் சொல்லை எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.