பட்டியலில் விட்டுப்போன பெயர்

அரைப் பரீட்சை விடுமுறைக்குக் கொல்லிமலை போவதென்று எங்கள் வீட்டில் தீர்மானமாயிற்று. ஓர் இரவாவது கூடாரத்தில் படுத்துத் தூங்க வேண்டும் என்பது குழந்தைகளின் உத்தரவு. காப்புக் காட்டில் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடித்துவிட முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகவே, மலைமேல் ஒரு தங்கும் விடுதியின் தோட்டத்திலேயே கூடாரத்துக்கு ஏற்பாடு செய்தோம்.

பத்திரிகை ஆபீசில் வேலை பார்ப்பவளுக்குப் பட்டியல் போடாமல் கை ஓடுமா? ஒரு முழுத்தாளை நான்கு பத்தியாக மடித்தேன். அவர், பையன், பெண், அத்தை.

சேலத்து வெயிலில் பழகியவர்கள் மலைக் குளிரை லேசாக நினைத்துவிடுவார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி சூடு குறைந்துவிடும். அதனால் கம்பளி, குல்லாய், காலுறை. வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு எலுமிச்சம்பழமும் பழைய துண்டும். அத்தையின் ரத்த அழுத்த மாத்திரையும் முட்டிக்குத் தடவும் தைலமும் கைப்பையில். பெட்டிக்கு அடியில் போன மருந்து அவசரத்துக்குக் கைக்கு வராது. அவருக்கு ஒரே ஒரு பொறுப்புத்தான் கொடுத்தேன்: டார்ச் விளக்கு.

சாப்பாட்டு இலாகா அத்தையுடையது. "2019-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, அத்தை" என்று நான் ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டார்.

"எங்க காலத்துல அதெல்லாம் ஏது கண்ணு?"

வாழையிலையை அனலில் வாட்டி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளிச்சோற்றை வைத்து மடித்து, வாழைநாரால் கட்டினார். ஓர் இலைகூடக் கிழியவில்லை. தயிர்ச்சோற்றில் பாலை நிறைய ஊற்றி, தயிரைப் பேருக்கு ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தார். சாப்பிடும் வேளைக்குப் புளிக்காமல் இருக்கும்.

"கை இப்படிப் பழகியிருக்கிறதே, மலைக்கு அடிக்கடி போவீர்களோ?" என்று கேட்டேன்.

"நானா? சேந்தமங்கலத்துல வாசல்ல நின்னா எதுக்க மலைதான். ஆடிப் பதினெட்டுக்கு உன்ற மாமனாரும் பசங்களும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போவாங்க. நாப்பது வருசம் கட்டுச்சோறு கட்டிக் குடுத்தேன். எல்லாரும் போயிட்டா ஆடு மாட்டை ஆரு பாக்கறது? அந்த நாரை இப்படி எடு."

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் மேஜைமேல் பட்டியலைப் பார்த்தேன். ஓரத்தில், பென்சிலால், கோணல்மாணலாக ஐந்தாவது பத்தி ஒன்று முளைத்திருந்தது. "மருமவ. சுவட்டர். மூக்குக் கண்ணாடி. படிக்கப் பொஸ்தகம்."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். வாஸ்தவம். எல்லாருக்கும் எடுத்துவைத்த நான் எனக்கென்று ஒரு ஸ்வெட்டர்கூட வைக்கவில்லை.

"உங்களுக்கு வேறென்ன வேண்டும், அத்தை?"

"ஒண்ணும் வேண்டாம். வண்டியில சன்னலோரமா உக்காரணும். மேல இருந்து நம்ம ஊரு எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்."

பாதி மலை ஏறியதும் ஒரு வளைவைத் தாண்டி, வண்டியை ஓரமாக நிறுத்தினோம். கீழே சமவெளி கட்டம் கட்டமாக விரிந்து கிடந்தது. அவர் கையை நீட்டி, "அதோ அந்தப் பக்கந்தான்மா நம்ம ஊர்" என்று காட்டினார். அத்தை கண்ணுக்குமேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏன்டா, இத்தனூண்டு ஊர்லயா எனக்கு அத்தனை வேலை இருந்துச்சு?" என்றார்.

சிரிக்கத்தான் சிரித்தோம். ஆனால், அதற்குப்பின் மேலே போய்ச் சேரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

விடுமுறைக்கு மூட்டை கட்டும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: பட்டியலின் முதல் வரியில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இன்னொன்று, டார்ச் விளக்குக்குப் பாட்டரியையும் நீங்களே எடுத்துவைப்பது உத்தமம். எங்கள் வீட்டு விளக்கு மட்டும் மலையேறியது. பாட்டரி சேலத்திலேயே தங்கிவிட்டது!